எதிர் வீட்டுக்காரர்கள் தூங்க விடுவதில்லை, என்ன செய்யலாம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் 14 வீடு. எதிர் வீட்டுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வாடகைக்கு வந்தார்கள். மூத்தவருக்குக் கல்யாணமாகி மனைவி இருக்கிறார். தேங்காய் லோடு ஏற்றும் தொழில். வாரத்தில் நான்கு நாள் இரவு 12 வரை பெரிய ஸ்பீக்கரில் பாட்டு. தெருமுனைக் கலுங்கு (சின்னப் பாலம்) மேல் நண்பர்களோடு குடி. விடியற்காலை 4 மணிக்குக் குட்டியானை வண்டியை ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் அப்படியே உறுமவிடுகிறார்கள். குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர் எல்லாம் தெருவில். கேட்டால் கெட்ட வார்த்தை. இவர் வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமியார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள். கணவர் கோயமுத்தூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். போலீஸுக்குப் போனால் பகை வரும் என்று தெருக்காரர்கள் ஒதுங்குகிறார்கள். "வீட்டை விற்றுவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விடலாமா அக்கா?" என்று முடித்திருந்தார்.

தங்கச்சி, வீட்டை இப்போது விற்க வேண்டாம். தூக்கம் இல்லாமல் எடுக்கிற முடிவு அது. மூன்று மாதம் கொடுங்கள். நான் ஒன்பது வருடமாகப் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கில் சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலராக இருக்கிறேன். வரும் பராதிகளில் (புகார்களில்) பாதி வேலித் தகராறு, மீதியில் பெரும்பகுதி இந்த மாதிரிதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இதற்கு ஒரே அடியில் தீர்வு கிடையாது. ஆனால் ஒவ்வொரு தொந்தரவையும் தனியாகப் பிரித்து, அதற்குரிய ஆளிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் அடங்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் எஸ்.ஐ.க்கும் புரியாது, பஞ்சாயத்து மெம்பருக்கும் புரியாது. "ரெண்டு வீட்டுக்கும் ஆகாது போல" என்று முடித்துவிடுவார்கள்.

முதலில், உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "சில நாள் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அந்த வீட்டு அக்கா அழுவது கேட்கும்." எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. தொந்தரவுப் பட்டியலில் அதைக் கடைசியாக வைத்துவிட்டீர்கள், நான் அதை முதலில் எடுக்கிறேன். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று ஒலி மாசு பற்றி ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு எப்படித் தொடங்கியது தெரியுமா? 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். உதவி கேட்டு அவள் போட்ட கூச்சல் அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிப் பாட்டில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண் தனக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனாள். அந்தச் செய்தியைப் படித்த ஒரு பொறியாளர் போட்ட மனுவிலிருந்துதான் அந்தத் தீர்ப்பு வந்தது. சத்தம் தூக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதனால் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்கிற நேரத்தில், தண்ணீர்க் குழாயடியிலோ ரேஷன் கடையிலோ, "ஏதாவது ஒண்ணுன்னா எங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க" என்று மட்டும் சொல்லிவையுங்கள். அதற்கு மேல் துருவ வேண்டாம். அடி உதை நடக்கிறது என்று உங்களுக்கு நியாயமாகத் தோன்றினால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள் மேல் எந்தப் பொறுப்பும் வராது என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. பஞ்சாயத்தில் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான ஜாக்கிரதா சமிதி இருக்கிறது. இதைச் சத்தப் பராதியோடு சேர்த்து எழுதவே கூடாது. சேர்த்தால் அந்தப் பெண்தான் வீட்டுக்குள் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

சரி, இனி உங்கள் தூக்கத்துக்கு வருவோம். ஜன்னலைச் சாத்தினாலும் "நெஞ்சுக்குள்ளே அடிக்கிற மாதிரி" இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றோடு ஒன்று உரசி கிணுகிணுக்குமே, ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் அதிருமே, அது பாட்டின் பேஸ், கனத்த அடித்தாளச் சத்தம். மனிதக் குரல் சுவரில் பட்டுப் பாதியாகிவிடும். 50 ஹெர்ட்ஸ் அளவிலான அடித்தாளத்தின் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். அதற்கு ஒன்பது அங்குலச் சுவர் பெரிய தடை இல்லை. பேஸ் பெட்டியை நேராகத் தரையில் வைத்திருந்தால் தரையும் சுவரும் சேர்ந்து அதிரும். கனமான திரை போட்டும் பயன் இல்லை என்று சொன்னீர்களே, காரணம் இதுதான். எனவே அவர்களிடம் "சத்தத்தைக் குறைங்க" என்று கேட்பதைவிட, "அந்தப் பேஸ் பெட்டியை மட்டும் தரையிலிருந்து எடுத்து ஒரு ரப்பர் மேட் மேலே வைங்க, பேஸைக் கொஞ்சம் இறக்குங்க" என்று கேட்பது நல்லது. பாட்டுக் கேட்பதை நிறுத்தச் சொல்லாத கோரிக்கை இது. தன்மானம் போகாமல் ஒரு இளவட்டம் இதைச் செய்துவிட முடியும்.

பேசுவது என்றதும் உங்களுக்குப் பயம் வரும். ஒரு தடவை போய்க் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள், தெரியும். நீங்கள் போனது ராத்திரி பதினொன்றரைக்கு. நானும் அதே தப்பைச் செய்தவள். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பட்டறை வந்தது. ராத்திரி ஒன்பதரை, பத்து மணிக்கும் கிரைண்டர் ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் முடியாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று சத்தம் போட்டேன். அவரும் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சே இல்லை, கிரைண்டரும் நிற்கவில்லை. கடைசியில் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு மர வியாபாரி நடுவில் உட்கார்ந்து பேசியபோதுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. "அன்னைக்கு எங்க அம்மா முன்னாடி வெச்சு என்னைத் திருடன்னு சொன்னீங்க" என்றார். மின்சாரம் திருடுகிறாய் என்று கோபத்தில் ஏதோ சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. அவருக்கு அது மட்டும்தான் நினைவு. மன்னிப்புக் கேட்டேன். ஏழு மணிக்கு மேல் கிரைண்டர் ஓடாது என்று ஒத்துக்கொண்டார். இன்றைக்கும் சில நாள் ஏழரை ஆகும், பொறுத்துக்கொள்கிறேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் போதை இருக்காது, லோடு அவசரமும் இருக்காது. மூத்தவரிடம் மட்டும் பேசுங்கள், தம்பிகள் நடுவில் நிற்க வைத்துப் பேசாதீர்கள். அவருக்கு மரியாதை உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் ஊரில் அவருக்குத் தேங்காய் லோடு கொடுக்கும் வியாபாரி யாரென்று பாருங்கள், அவர் வந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் கணவரைக் கூட்டிப் போகலாம், ஆனால் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கசங்கி வந்து இறங்கின கையோடு அனுப்பாதீர்கள். சட்டத்தைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேச வேண்டாம். மாமியார் இரவில் இரண்டு மூன்று முறை திடுக்கிட்டு எழுந்து உட்காருவதையும், பாப்பாவுக்கு மார்ச் மாதம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை என்பதையும் சொல்லுங்கள். இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இரவு பத்துக்குப் பேஸ் நிற்க வேண்டும். இன்னொன்று அந்த வண்டி. ஏர் பிரேக் உள்ள பெரிய லாரிக்குக் காற்று ஏறும்வரை இன்ஜின் ஓட வேண்டியிருக்கும். குட்டியானைக்கு அந்தத் தேவையே கிடையாது, ஒரு நிமிடம் போதும். முந்தின ராத்திரியே வண்டியைத் திருப்பி, முகம் மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி தெருமுனையில் நிறுத்தச் சொல்லுங்கள். டீசலும் மிச்சம் என்று அந்த வியாபாரி வாயால் வந்தால் இன்னும் நல்லது. போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் பத்து மணிக்கு நிறுத்தினார்கள் என்றால், மறுநாள் காலையில் பார்த்து நன்றி சொல்லுங்கள். இதைப் பலர் செய்வதில்லை.

இது பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். பலிக்காவிட்டால் கையில் ஆதாரம் வேண்டும். அதனால் பேசப் போவதற்கு முன்பே, இன்றைக்கே, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "12ஆம் தேதி, வியாழன். இரவு 10.40க்குப் பாட்டு ஆரம்பம். 12.15க்கு நின்றது. அத்தை இரண்டு முறை எழுந்தார். பாப்பா 11.30க்குப் புத்தகத்தை மூடிவிட்டாள். காலை 4.05க்கு வண்டி ஸ்டார்ட், 4.38க்குக் கிளம்பியது." இவ்வளவுதான். வசவு வேண்டாம், "வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்ற ஊகமும் வேண்டாம். சத்தம் இல்லாத நாளையும் "இன்று அமைதி" என்று எழுதுங்கள். அந்த வரிகள்தான் மீதி வரிகளை நம்ப வைக்கும். மூன்று வாரத்து நோட்டை நீட்டினால் எந்த அதிகாரியும் இரண்டு பக்கமாவது புரட்டிப் பார்க்கிறார், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

போனில் வீடியோ எடுப்பதானால் உங்கள் வாசற்படியிலேயே நின்று எடுங்கள். தேதியையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் போதும். அவர்கள் ஜன்னல் பக்கமோ குளியலறைப் பக்கமோ கேமரா திரும்பவே கூடாது, அப்புறம் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். அந்தப் பதிவை எடுத்த போனிலேயே அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி கோர்ட்டில் மின்னணுப் பதிவைக் காட்ட ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், மூலப் பதிவு கையில் இருந்தால் அது எளிது. டெசிபல் காட்டும் ஆப்பை நம்பி வாதாடாதீர்கள். சட்டத்தில் சொல்லும் அளவு மனிதக் காதுக்கு ஏற்றபடி திருத்தின அளவு, அதில் பேஸ் குறைவாகவே பதிவாகும். டம்ளர் அதிர்கிற ராத்திரியில்கூட ஆப் சாதாரண எண்ணைக் காட்டி உங்களைக் கைவிட்டுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. திருவிழாக்களுக்கு மட்டும், வருடத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், இரவு 12 வரை மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம். எங்கள் சித்தூர் பகவதி கோவில் கொங்கன்படைத் திருவிழாவுக்கு வெடி வெடித்தால் தாலூக்கே அதிரும். மாரியம்மன் நோம்பி (திருவிழா) சாட்டினால் உங்கள் தெருவிலும் பாட்டு நிற்காது. அது வருடத்துக்கு ஒரு முறை, ஊர் கூடிச் செய்வது, அதைப் பராதியில் இழுக்காதீர்கள். இழுத்தால் தெருவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

"போலீஸ் வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள்" என்று மனம் வெதும்பி எழுதியிருந்தீர்கள். அவர்கள் பக்கம் ஒரு காரணம் இருக்கிறது. பொதுத் தொல்லைக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில் தண்டனை 1000 ரூபாய்வரை அபராதம் மட்டுமே. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதில் கைது செய்ய முடியாது. அதனால் எச்சரித்துவிட்டுப் போவதுதான் அந்த ராத்திரிக்கு அவர்களால் முடிந்தது. ஆனாலும் சத்தம் நடக்கும்போதே 112க்கு அழையுங்கள். அழைத்த நேரம் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகும், உங்கள் நோட்டிலும் அதை எழுதுங்கள். கலுங்கு மேல் நடக்கிற குடி வேறு விஷயம். பொது இடத்தில் மது அருந்துவது கேரள அப்காரிச் சட்டப்படியும், போதையில் ரகளை செய்வது 2011ஆம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டப்படியும் குற்றம். அதைத் தனித் தாளில் தனிப் பராதியாகக் கொடுங்கள். பெண்களைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வதும், வெட்டுவேன் குத்துவேன் என்பதும் அதைவிடப் பெரிய குற்றங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே, கூச்சப்படாமல், நோட்டில் எழுதிவையுங்கள். "அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது.

ஸ்டேஷனில் ஜனமைத்திரி பீட் ஆபீசர் ஒருவர் உங்கள் பகுதிக்கு இருப்பார். 2008இல் கேரளத்தில் தொடங்கின திட்டம் இது. அவர் வேலையே வீடு வீடாக வந்து பழகுவதுதான். ரோந்து ஜீப்பில் வருகிறவரைவிட அவரிடம் பேசுவது உங்களுக்கு எளிது. பராதி கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மலையாளம் எழுத வராது என்று தயங்கியிருந்தீர்கள். தமிழிலேயே எழுதுங்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு எல்லோருக்கும் உரிமை தருகிறது. போதாததற்கு, 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. ஒரு கிளார்க் முகம் சுளித்தால் மரியாதையாக இந்தச் சட்டத்தின் பேரைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்வார்.

அவர்கள் வண்டி தமிழ்நாட்டுப் பதிவு, வீட்டு ஓனர் பொள்ளாச்சியில், ஆகவே எந்த ஸ்டேஷன் என்று குழம்பியிருந்தீர்கள். தொந்தரவு எங்கே நடக்கிறதோ அந்த இடத்து ஸ்டேஷன்தான். செக்போஸ்ட் தாண்டிக் கடைக்குப் போன இடத்தில் மிரட்டினால் மட்டும் தமிழ்நாட்டு ஸ்டேஷன். கைது செய்யக்கூடிய பெரிய குற்றமாக இருந்தால் எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் வாங்கிக்கொண்டு, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் பதிவை மாற்ற வேண்டும், அதைச் சொல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தங்கச்சி. அவர்கள் சோற்றில் கை வைத்த மாதிரி ஆகிவிடும். உங்கள் தூக்கத்துக்கும் அந்த நம்பர் பிளேட்டுக்கும் சம்பந்தம் இல்லை. நியாயம் கேட்டு வந்தவர் என்ற பெயர் போய், பழி தீர்க்கிறவர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும்.

போலீஸோடு நிற்காதீர்கள், இன்னொரு வாசல் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 126ஆம் பிரிவில் நிர்வாக மாஜிஸ்திரேட், அதாவது வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ., அமைதியைக் குலைப்பவர்களிடம் ஒரு வருடத்துக்கு மேற்படாத காலத்துக்கு அமைதி காப்பதாகப் பிணைப் பத்திரம் எழுதி வாங்க முடியும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பையன்கள் பலர் அடங்கிவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 152ஆம் பிரிவில், பொது வழியில் உள்ள தொல்லையை, அதாவது உங்கள் தெருவில் ஓடும் அழுக்குத் தண்ணீரை, அகற்றச் சொல்லி அவர் உத்தரவு போட முடியும். பழைய சட்டத்தில் இது 133ஆம் பிரிவு. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் ஊரின் ஒரு தெருக்காரர்கள், சாக்கடை நாற்றம் தாங்காமல் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். நகராட்சி பணம் இல்லை என்றது. 1980இல் உச்ச நீதிமன்றம், பணம் இல்லை என்பது சாக்காகாது, செய்துதான் ஆக வேண்டும் என்றது. தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், நம் பாலக்காட்டில் பிறந்தவர். தெருக்காரர்கள் சேர்ந்து நின்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

தண்ணீர் விஷயத்துக்கு ஆர்.டி.ஓ. வரை போகத் தேவையிருக்காது என்று நினைக்கிறேன். மெம்பரைக் கூட்டிவந்து காட்டுங்கள், பிறகு பஞ்சாயத்துச் செயலாளருக்கு மனு. ஒரு மீட்டர் நீள அகல ஆழத்தில் குழி தோண்டி உடைந்த செங்கல்லும் சரளையும் நிரப்பினால் ஒரு வீட்டுத் தண்ணீரை அது குடித்துவிடும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் உறிஞ்சு குழி வேலை எடுக்க வழி இருக்கிறதா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். இதை வீட்டு ஓனரிடம் சொல்லுங்கள், செலவில்லாத காரியம் என்றால் அவரும் மறுக்கமாட்டார். ஓனரிடம் பேசும்போது அவர்களைக் காலி செய்யுங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். நோட்டின் நகலைக் கொடுத்து, வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும்போது இரவுச் சத்தம் பற்றி ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள்.

தெருக்காரர்கள் ஏன் வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவர்களுக்கும் தூக்கம் இல்லை, ஆனால் முதல் கையெழுத்துப் போடப் பயம். கையெழுத்துக் கேட்காதீர்கள். "நீங்களும் ஒரு நோட்டில் தேதி மட்டும் எழுதிவையுங்கள்" என்று இரண்டு வீட்டில் சொல்லுங்கள். குடும்பஸ்ரீ (பெண்கள் சுயஉதவி அமைப்பு) அயல்கூட்டம் வாரம் கூடுகிறதல்லவா, அங்கே பேச்சை எடுங்கள். அயல் என்றால் பக்கத்து வீடுதானே, இதற்கில்லாமல் வேறெதற்கு அந்தக் கூட்டம்? எதிர் வீட்டு அக்காவும் அதில் உறுப்பினராக இருந்தால் அவர் இல்லாத வாரம் பார்த்துப் பேசுங்கள். நான்கைந்து நோட்டுகள் சேர்ந்த பிறகு கையெழுத்து தானாக வரும். வாட்ஸாப் குரூப் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். யாரோ ஒருவர் கோபத்தில் சாதியையோ மொழியையோ இழுத்து ஒரு வரி போடுவார், அந்த ஸ்கிரீன்ஷாட் மறுநாளே எதிர் வீட்டில் இருக்கும். இந்த எல்லையோரத்தில் நாம், தமிழரை இழிவாகச் சொல்லும் "பாண்டி" என்ற சொல்லைக் கேட்டு நொந்தவர்கள். அதே புண்ணை இன்னொருவருக்கு நாம் கொடுக்கக் கூடாது. செய்த காரியத்தைப் பற்றி மட்டும் பேச்சு இருக்கட்டும். பதிலுக்கு நீங்களும் சத்தமாக டி.வி. வைப்பது, வண்டி டயரில் காற்றைப் பிடுங்குவது, இவையெல்லாம் நோட்டின் மதிப்பை ஒரே நாளில் அழித்துவிடும்.

இதெல்லாம் நடந்தும் அடங்கவில்லை என்றால் சித்தூர் கோர்ட் வளாகத்தில் தாலூக்கா சட்டப் பணிகள் குழுவுக்கு வாருங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைப்போம். அங்கே எழுதின சமரசத்துக்கு லோக் அதாலத்தில் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, அதன்மேல் அப்பீல் கிடையாது. அதையும் மீறினால் முன்சிப் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம். நான் பார்த்த அளவில் பத்தில் ஒன்றிரண்டுதான் அதுவரை போகிறது.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது சில. மாமியார் கட்டிலைத் தெருப்பக்க அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றுங்கள், மேஜை விசிறியை அவர் தலைமாட்டுக்கு எதிரே ஓடவிடுங்கள். விசிறியின் சீரான இரைச்சல் திடீர்ச் சத்தத்தை ஓரளவு மறைக்கும். அவர் காதில் பஞ்சு வைப்பதாகச் சொன்னீர்கள், வேண்டாம். ராத்திரியில் அவசரத்துக்கு நீங்கள் கூப்பிட்டால் அவருக்குக் கேட்க வேண்டும். பாப்பாவைப் பரீட்சைக்கு முன்னால் மூன்று வாரம் கொழிஞ்சாம்பாறையில் உங்கள் தங்கை வீட்டில் விடுங்கள். தோற்றுப்போய் ஓடுகிற மாதிரி நினைக்காதீர்கள், அவளுக்கு அந்த மார்ச் மாதம் திரும்ப வராது.

இன்றைக்கு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்துவிடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேங்காய் வியாபாரியைப் பிடியுங்கள். மூத்தவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். மனு எழுத வேண்டிவந்தால் நோட்டோடு வாருங்கள், செவ்வாயும் வெள்ளியும் நான் சித்தூரில்தான் இருப்பேன், தமிழிலேயே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.